அடால்ஃப் ஃபுர்ட்வெங்லர் (1853–1907): வாழ்வும் பணியும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடால்ஃப் ஃபுர்ட்வெங்லர் யார்?

தென்மேற்கு ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் 1853 ஜூன் 30 அன்று பிறந்து, 1907 அக்டோபர் 10 அன்று ஏதென்ஸில் இறந்த செவ்வியல் தொல்லியலாளர். பண்டைய கிரேக்க, ரோமானியக் கலைப்பொருள்களையும் கட்டடங்களையும் ஆராயும் துறைக்குத்தான் செவ்வியல் தொல்லியல் என்று பெயர். பெர்லின் அருங்காட்சியகத்தில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். 1894 முதல் இறக்கும்வரை மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

கிரேக்கச் சிலைகளைப் பற்றி 1893இல் வெளியிட்ட பெரிய நூல் அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. ஆனால் அந்தப் புகழுக்கு அடியில் கிடப்பது வேறு வகை உழைப்பு. பானை ஓடுகள், வெண்கலத் துண்டுகள், விரல்நகம் அளவு முத்திரைக் கற்கள் என ஆயிரக்கணக்கான சிறு பொருள்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அளந்து, விவரம் எழுதி, எண் கொடுத்த உழைப்பு அது. சிலைகளில் மற்றவர்கள் காணாததை அவர் கண்டதற்குக் காரணம் பிறவி மேதைமை என்று பலர் எழுதுகிறார்கள். பட்டியல் வேலையில் பழகிய கண் என்று சொல்வதே சரி.

இசை நடத்துநர் ஃபுர்ட்வெங்லருக்கு இவர் உறவா?

தந்தை. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்திய வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் 1886 ஜனவரியில் பெர்லினில் பிறந்தவர். தாயார் அடெல்ஹைட் வென்ட். வில்ஹெல்மின் மகன் ஆண்ட்ரியாஸ் தாத்தாவின் துறைக்கே வந்து, செவ்வியல் தொல்லியல் பேராசிரியரானார். நூலகப் பட்டியலில் ‘அ. ஃபுர்ட்வெங்லர்’ என்று மட்டும் இருந்தால் ஆண்டைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கட்டுரை என்றால் அது பேரன் எழுதியது.

எங்கே, யாரிடம் படித்தார்?

தந்தை பள்ளித் தலைமையாசிரியர், கிரேக்கமும் லத்தீனும் கற்றவர். ஆகவே மொழிகள் வீட்டிலேயே வந்துவிட்டன. ஃப்ரைபுர்க், லைப்ட்சிக், மியூனிக் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் படித்தார். லைப்ட்சிக்கில் யோஹன்னஸ் ஓவர்பெக்கிடம், கலைஞர்களைப் பற்றிப் பழைய நூல்களில் எங்கெல்லாம் குறிப்பு இருக்கிறது என்று தேடித் தொகுக்கும் பயிற்சி கிடைத்தது. மியூனிக்கில் ஹைன்ரிஹ் ப்ரூனிடம் கிடைத்தது அதற்கு நேர் எதிரான பயிற்சி: நூலை மூடிவிட்டுச் சிலையைப் பார், கண்ணிமை எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, தசை எங்கே எலும்பைத் தொடுகிறது என்று பார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை.

முனைவர் பட்டம் 1874இல், ப்ரூனிடம். பானை ஓவியங்களில் காதல் கடவுள் ஈரோஸ் எப்படி வரையப்பட்டார் என்பது பொருள். 1876 முதல் 1878 வரை ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தின் பயண உதவித்தொகையில் இத்தாலி, கிரீஸ் அருங்காட்சியகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1879இல் பான் பல்கலைக்கழகத்தில், ஜெர்மனியில் பேராசிரியராவதற்குத் தேவையான இரண்டாம் தகுதியையும் பெற்றார்.

ஒலிம்பியா அகழாய்வில் இவருடைய பங்கு என்ன?

ஒலிம்பியாவை ஜெர்மனி 1875 முதல் 1881 வரை தோண்டியது. எர்ன்ஸ்ட் கூர்ட்டியுஸும் கட்டடக் கலைஞர் ஃப்ரீட்ரிஹ் அட்லரும் தலைமை. கிரீஸுடன் 1874இல் போட்ட ஒப்பந்தப்படி கிடைத்த பொருள்கள் கிரேக்க மண்ணிலேயே இருக்கவேண்டும். ஜெர்மனிக்குக் கிடைத்தது ஆய்வுரிமையும் வார்ப்புப் படி (அச்செடுத்துப் பிளாஸ்டரில் செய்யும் நகல்) எடுக்கும் உரிமையும். அகழாய்வு என்றாலே பொருளை அள்ளிக்கொண்டு போவது என்றிருந்த காலத்தில் இது பெரிய மாற்றம்.

ஃபுர்ட்வெங்லர் 1878–79இல் அங்கே இருந்தார். முந்தைய ஆண்டுகளிலேயே பையோனியோஸின் வெற்றித் தேவதையும் ஹெர்மெஸ் சிலையும் வெளிவந்து, எல்லாருடைய கவனமும் பளிங்கின் மேல் போயிருந்தது. அவர் கவனம் போனது வெண்கலங்கள் மேல்: முக்காலிக் கொப்பரைகளின் கால்கள், கொப்பரை விளிம்பில் பொருத்திய கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட புராண விலங்கு) தலைகள், நேர்த்திக்கடனாகப் போட்ட சின்னஞ்சிறு குதிரைகள், காளைகள். ஹேரா கோயிலையும் பெலோப்ஸ் திடலையும் சுற்றிய கருமண் அடுக்கில் இவை கொத்துக் கொத்தாகக் கிடந்தன.

ஒவ்வொன்றும் எந்த ஆழத்தில், எந்தக் கட்டடத்துக்குக் கீழே, எதனோடு சேர்ந்து கிடைத்தது என்று குறித்துக்கொண்டார். ஏதென்ஸ் இடுகாட்டுப் பானைகளில் தெரிந்த கோட்டுக்கோல வடிவியல் பாணியும் இந்த வெண்கலங்களின் பாணியும் ஒரே காலத்தவை என்று காட்டினார். முதல் அறிக்கை விரைவிலேயே வந்தது. முழுப் பட்டியல் ஒலிம்பியா வெளியீட்டின் நான்காம் தொகுதியாக 1890இல் வந்தது. கிரேக்க வெண்கலப் பொருள் ஒன்றை இன்று காலம் கணிக்கிறவரும் அந்தத் தொகுதியைப் புரட்டாமல் இருக்கமுடியாது.

பானை ஓட்டை வைத்துக் காலம் கணிக்கும் முறை இவருடையதா?

ஏஜியன் கடல் பகுதிக்கு அதை முறையாகக் கொண்டுவந்த இருவரில் ஒருவர். மற்றவர் நண்பர் கியோர்க் லோஷ்கே. கிரீஸின் வெண்கலக்கால நகரமான மைசீனியின் ஆழ்குழிக் கல்லறைகளை ஷ்லீமன் 1876இல் தோண்டியபோது உலகம் தங்க முகமூடிகளைப் பார்த்தது. இந்த இருவரும் அங்கே கிடந்த பானைகளை எடுத்து 1879இல் ஒரு நூலும், மற்ற இடங்களில் கிடைத்தவற்றையும் சேர்த்து 1886இல் இன்னொரு நூலும் வெளியிட்டார்கள்.

அவர்கள் வகைப்படுத்திய விதம் எளிது. முதலில் வண்ணம்: மங்கலான வண்ணமா, பளபளக்கும் வண்ணமா? பளபளப்பு வகையை நான்கு பாணிகளாகப் பிரித்தார்கள். அதற்குப் பார்த்தவை களிமண்ணின் நேர்த்தி, மேற்பூச்சின் நிறம், வண்ணத்தின் மினுக்கம், வரைந்த உருக்கள். மூன்றாம் பாணியில் களிமண் நைசாக, இளமஞ்சளாக, வண்ணம் நன்றாக மினுங்கும். நான்காம் பாணியில் அந்த மினுக்கம் குறைந்து, உருக்கள் வாய்பாடுபோல் விறைத்துவிடும்.

பானையை ஏன் தேர்ந்தெடுக்கவேண்டும்? உலோகத்தை உருக்கிவிடுவார்கள், பளிங்கைச் சுண்ணாம்புக்குச் சுட்டுவிடுவார்கள். உடைந்த பானையை யாரும் எடுப்பதில்லை. சுட்ட மண் மக்குவதுமில்லை. அடிக்கடி உடைவதால் அடிக்கடி புதிதாகச் செய்யப்படும், பாணியும் சீக்கிரம் மாறும். எனவே காலக்கணக்குக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஓட்டை மட்டும் வைத்துக் கிடைப்பது எது முன், எது பின் என்ற வரிசைதான், ஆண்டு எண் அல்ல. மைசீனிப் பானைகளுக்கு ஆண்டு கிடைத்தது, ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தில் அரசர்களின் காலம் தெரிந்த இடங்களில் அதே வகை ஓடுகளைக் கண்ட பிறகே.

பெர்லின் பானைகளின் எண்ணுக்கு முன்னால் ‘எஃப்’ என்று இருப்பது ஏன்?

அது ஃபுர்ட்வெங்லரின் முதலெழுத்து. 1880இல் பெர்லின் அருங்காட்சியகத்தில் உதவியாளராகச் சேர்ந்த அவர், 1885இல் அங்கிருந்த பானைத் தொகுப்புக்கு இரண்டு தொகுதிகளில் பட்டியல் வெளியிட்டார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். பட்ரோக்ளோஸின் காயத்துக்கு அக்கிலீஸ் கட்டுப்போடும் சோசியாஸ் கிண்ணம் எஃப் 2278. பள்ளிக்கூடக் காட்சி உள்ள டூரிஸ் கிண்ணம் எஃப் 2285. சிலை வார்க்கும் பட்டறையைக் காட்டும் கிண்ணம் எஃப் 2294. இன்றும் இதே எண்கள்தான்.

எண்கள் ஏன் இப்படி அடுத்தடுத்து வருகின்றன என்று கவனியுங்கள். வாங்கிய வரிசைப்படி எண் கொடுப்பதே பல இடங்களில் வழக்கம். அவர் அதை விட்டுவிட்டு, காலம், செய்த ஊர், நுட்பம், வடிவம் என்ற வரிசையில் அடுக்கினார். ஆகவே எண்ணைப் பார்த்தாலே அது ஏறக்குறைய எந்த வகைப் பானை என்று சொல்லிவிடலாம். இதில் ஒரு இடைஞ்சல்: 1885க்குப் பின் வந்த பொருள்களுக்கு இந்த வரிசையில் இடமில்லை. அவற்றுக்கு வேறு பதிவெண் உண்டு. பழைய கட்டுரைகளில் ‘பெர்லின் 2278’ என்று எஃப் இல்லாமல் வந்தால் பெரும்பாலும் இதையே குறிக்கும்.

பெர்லினை விட்டு ஏன் மியூனிக் போனார்?

பெர்லின் பல்கலைக்கழகம் 1884இல் அவருக்குத் துணைநிலைப் பேராசிரியர் பட்டம் கொடுத்தது. முழுப் பதவி கிடைக்கவில்லை. சிற்பத் தொகுப்பின் இயக்குநர் பதவிக்கு 1889இல் பான் நகரிலிருந்து ரைன்ஹார்ட் கெகுலே வரவழைக்கப்பட்டார். பல்கலைக்கழக இருக்கையும் அடுத்து அவரிடமே போனது. தன் கருத்தை ஒளிக்காமல், கடுமையாக எழுதும் பழக்கம் ஃபுர்ட்வெங்லருக்கு உண்டு. அதனால் பகையும் உண்டு.

1894 ஜூலையில் ஆசான் ப்ரூன் இறந்தார். மியூனிக் அந்த இருக்கையை மாணவருக்குக் கொடுத்தது. அதோடு கிளிப்டோதெக் சிற்பக்கூடம், பானைத் தொகுப்பு, வார்ப்புப் படிகளின் அருங்காட்சியகம் ஆகியவற்றின் பொறுப்பும் வந்தது. அவருடைய வேலைமுறைக்கு இந்தக் கடைசி இடம் மிக முக்கியம்.

1893இல் வந்த நூலின் வாதம் என்ன?

‘கிரேக்கச் சிற்பத்தின் தலைசிறந்த படைப்புகள்’ என்பது தலைப்பின் பொருள். எழுநூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள். யூஜினி செல்லர்ஸ் 1895இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஃபிடியாஸ், மைரோன், பாலிக்லெய்டோஸ், கிரெசிலாஸ், ஸ்கோபாஸ், ப்ராக்ஸிடெலெஸ் போன்ற சிற்பிகளின் வெண்கல மூலங்கள் அனேகமாக எல்லாமே அழிந்துவிட்டன. மிஞ்சியவை ரோமானியர் காலத்தில் எடுத்த பளிங்குப் படிகள், அதாவது நகல்கள். அந்தப் படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தொலைந்த மூலத்தை மீட்கலாம், அது எந்தக் கலைஞருடையது என்றும் சொல்லலாம் என்பதே வாதம். இந்த முறையைத் தொடங்கியவர் அவரல்ல. பாலிக்லெய்டோஸின் ஈட்டி ஏந்திய வீரனை 1863இலேயே கார்ல் ஃப்ரீடெரிஹ்ஸ் இப்படி அடையாளம் கண்டிருந்தார். கிரேக்கச் சிற்பம் முழுவதற்கும் அதை விரித்தது ஃபுர்ட்வெங்லர்.

படி ஒப்பாய்வை நடைமுறையில் எப்படிச் செய்வது?

முதல் வேலை, பார்க்கும் சிலையில் எது பழையது, எது பிற்காலத்தில் ஒட்டியது என்று பிரிப்பது. பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, கை கால் மூக்கு இல்லாத சிலையை அனேகமாக யாரும் விற்கவில்லை. பட்டறையில் முழுமையாக்கியே விற்றார்கள். பளிங்கின் மணி, நிறம், ஒட்டுக் கோட்டின் நேர்த்தி, உள்ளே போட்ட இரும்பு ஆணி ஆகியவை காட்டிக்கொடுக்கும். மூக்கு அனேகமாக எப்போதும் புதியது. தலை அதே உடலுக்கு உரியதா என்பது கழுத்தைப் பார்த்தால்தான் தெரியும்: உடைப்பு உடைப்போடு பொருந்துகிறதா, அல்லது நடுவில் ஒரு பட்டை செருகப்பட்டிருக்கிறதா?

அடுத்து, அதே உருவின் மற்றப் படிகளை எல்லாம் தேடவேண்டும். இங்கே புகைப்படம் ஏமாற்றும். ஒரு முகத்தைச் சற்றுக் கீழிருந்து எடுத்தால் தாடை பெருத்துவிடும். ரோமில் ஒன்று, மாட்ரிட்டில் ஒன்று, லண்டனில் ஒன்று கிடக்கும் படிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வெளிச்சத்தில் பார்க்க ஒரே வழி பிளாஸ்டர் வார்ப்பு. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் வார்ப்புக் கூடங்கள் வைத்திருந்தது அலங்காரத்துக்கு அல்ல.

பிறகு அளவு. இரு கண்களின் உள்மூலைகளுக்கு இடையே, வெளிமூலைகளுக்கு இடையே, வாயின் அகலம், தாடை நுனியிலிருந்து மயிர்க்கோடு வரை. இந்த நான்கும் எல்லாப் படிகளிலும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால், அவை ஒரே மூலத்திலிருந்து அச்செடுத்துப் புள்ளிவைத்துச் செதுக்கியவை. நெற்றிமேல் முடிச்சுருள்களை ஒவ்வொன்றாக எண்ணி ஒப்பிடவேண்டும். சுருள் பிரியும் இடம்கூட ஒத்துவந்தால் சந்தேகமே வேண்டாம். உயரம் மட்டும் ஒத்து, சுருள் மாறினால் அது படியல்ல, தழுவல்.

ஒத்துவரும் அம்சங்களே மூலத்துக்கு உரியவை. மாறுபவை, அதாவது காலருகே தாங்கலுக்கு வைத்த மரக்கட்டை, துணைக்கு ஒட்டவைத்த கல்பாலம், தோலின் மெருகு போன்றவை, படியெடுத்தவனுடையவை. வெண்கலத்துக்கு மரக்கட்டை தேவையில்லை.

கலைஞர் பெயர் கடைசியில்தான் வரவேண்டும். ப்ளினி, பௌசானியாஸ் போன்ற பழங்கால எழுத்தாளர்களின் வருணனை, பழைய பீடங்களின் கல்வெட்டு, காசுகளில் உள்ள சிற்றுரு ஆகியவற்றோடு பொருந்துகிறதா என்று அப்போது பாருங்கள். பெயரை முதலில் முடிவுசெய்துகொண்டு ஒற்றுமை தேடினால், தேடியது எல்லாம் கிடைக்கும்.

லெம்னிய அத்தீனா விவகாரம் என்ன?

இந்த முறையின் மிகப் பெயர்பெற்ற சான்று. ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் ஃபிடியாஸ் செய்த வெண்கல அத்தீனா ஒன்று, லெம்னோஸ் தீவில் குடியேறியவர்கள் காணிக்கையாக வைத்தது, இருந்தது. ஃபிடியாஸின் படைப்புகளில் முதலில் பார்க்கவேண்டியது என்று பௌசானியாஸ் சொல்கிறார். முகத்தின் வரையும் கன்னங்களின் மென்மையும் பழங்கால எழுத்தாளர் லூசியன் வாயால் புகழப்பட்டவை.

ட்ரெஸ்டனில் தலைக்கவசமில்லாத அத்தீனாவின் ஒரே வகை உடல்கள் இரண்டு இருந்தன. மார்புக்கவசம் குறுக்காகச் சரிந்திருப்பது அடையாளம். அங்கே பொறுப்பிலிருந்த கியோர்க் ட்ரோய் பிற்கால ஒட்டுகளைக் கழற்றியபோது, ஒன்றில் மிஞ்சியிருந்த பழைய முகம் தெரிந்தது. இத்தாலியின் போலோனியாவில் பலாகி தொகுப்பிலுள்ள அழகான தலை அதே முகம் என்று ஃபுர்ட்வெங்லர் கண்டார். குட்டையான முடி, சுற்றிலும் நாடா, கண்குழிகள் வெறுமை. கண்கள் வேறு பொருளில் செய்து பதிக்கப்பட்டிருந்தன. போலோனியாத் தலையின் வார்ப்பை எடுத்துவந்து மற்ற உடலின் கழுத்துக்குழியில் வைத்தார்கள். பொருந்தியது. இத்தனை காலம் ஆணின் தலை என்றும் அமேசான் பெண்ணின் தலை என்றும் கருதப்பட்டது அத்தீனாவானது.

எல்லாரும் ஏற்றார்களா? இல்லை. 1983இல் கிம் ஹார்ட்ஸ்விக் தலையும் உடலும் பொருந்துவதையே கேள்விக்குள்ளாக்கினார். ஓல்கா பலாகியா 1987இல் பொருத்தம் சரியே என்று மறுத்து எழுதினார். இரண்டு கேள்விகளைக் கலக்காமல் வைத்துக்கொள்வது நல்லது: தலை அந்த உடலுக்கு உரியதா என்பது ஒன்று, அந்தச் சிலை ஃபிடியாஸின் லெம்னிய அத்தீனாவா என்பது வேறொன்று. முதலாவதை அளவுகோலால் தீர்க்கலாம். இரண்டாவதுக்குப் பழைய நூல்களின் சில வரிகளே ஆதாரம்.

இந்த முறையின் பலவீனம் எங்கே?

ரோமானியப் பட்டறைக்காரன் வெறும் படியெடுப்பவன் என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அவன் பல நேரம் பழைய பாணியில் புதிதாகவே படைத்தான். அப்படிப்பட்ட சிலைக்கு மூலமே கிடையாது. இரண்டாவது, நூல்களில் பெயர் வந்த சில கலைஞர்களுக்குள் எல்லாச் சிலைகளையும் பங்கிடும் ஆசை. கிரெசிலாஸுக்கு ஃபுர்ட்வெங்லர் கொடுத்த சிலைகள் இதற்கு எடுத்துக்காட்டு: பெரிக்லெஸ் தலைக்குக் கல்வெட்டு ஆதாரம் உண்டு; அதிலிருந்து பாணி ஒற்றுமை என்ற பாலத்தின் வழியே மியூனிக் டயமீடிஸ், வெல்லெட்ரி அத்தீனா என்று நடந்துபோனார். ஒவ்வொரு அடியிலும் நிச்சயம் குறைகிறது. படிகளை வகைப்படுத்திய பகுதி இன்றும் உறுதியாக நிற்கிறது. பெயர் சூட்டிய பகுதியில் பெரும்பங்கு கரைந்துவிட்டது.

லூவர் வாங்கிய மணிமுடி போலி என்று எப்படிக் கண்டார்?

1896இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் சைதாஃபர்னேஸ் என்ற அரசனுக்குக் கருங்கடல் கரையின் ஓல்பியா நகரத்தார் கொடுத்ததாகக் கிரேக்க எழுத்துப் பொறித்த தங்க மணிமுடி ஒன்றை 200,000 ஃப்ராங்குக்கு வாங்கியது. உயரம் சுமார் 17.5 செ.மீ. கீழ்ப்பட்டையில் சித்தியரின் (கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த பண்டைய நாடோடி மக்கள்) அன்றாட வாழ்க்கை, மேற்பட்டையில் இலியட் காட்சிகள். அதே ஆண்டில் ஃபுர்ட்வெங்லர் இது போலி என்று அச்சில் எழுதினார்.

அவர் சொன்ன காரணங்கள் பொருளைப் பார்த்துச் சொன்னவை. மண்ணில் நெடுங்காலம் கிடந்த தங்கத்தில் படியும் செம்மை இதில் இல்லை. அடிபட்ட இடங்கள் எல்லாம் வெறுமையான பரப்பில் இருந்தன. உருவங்களும் எழுத்தும் அதிசயமாகத் தப்பியிருந்தன. ஒரே பொருளில் வெவ்வேறு நூற்றாண்டுகளின் பாணி கலந்திருந்தது. உருவங்களின் கைச்சைகை நவீன ஓவியத்தின் சைகை.

இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? ப்ராண்டன்பர்க்கின் ஃபெட்டர்ஸ்ஃபெல்டே வயலில் 1882இல் உழும்போது கிடைத்த சித்தியத் தங்கப் புதையலை, 41 செ.மீ. நீளத் தங்க மீன் உட்பட, அடுத்த ஆண்டே ஆராய்ந்து வெளியிட்டவர் அவர். உண்மையான சித்தியப் பொற்கொல்லர் வேலையைக் கையில் பிடித்துப் பார்த்த அனுபவம் அது.

லூவர் ஏழாண்டுகள் விட்டுக்கொடுக்கவில்லை. 1903இல் ஒடெஸாவின் பொற்கொல்லர் இஸ்ராயேல் ரூஹோமோவ்ஸ்கி பாரிஸுக்கு வந்து, தாமே செய்தது என்று சொல்லி, அறிஞர் கெர்மோன்-கன்னோவின் விசாரணையில் ஒரு பகுதியைத் திரும்பச் செய்தும் காட்டினார். இடைத்தரகர்கள் தம்மிடம் வாங்கி என்ன செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் திறமைக்குப் பாரிஸ் கண்காட்சியில் பதக்கமும் கிடைத்தது.

முத்திரைக் கற்களில் அவர் செய்தது என்ன?

பெர்லின் தொகுப்பில் 11,000க்கும் மேற்பட்ட செதுக்கிய கற்களுக்கு 1896இல் பட்டியல். 1900இல் மூன்று தொகுதிகளில் முழு வரலாறு. இரண்டாவதையே அவருடைய தலைசிறந்த நூல் என்போர் உண்டு, அதில் நியாயமும் உண்டு. சிற்பத்தில் எஞ்சியவை படிகள். மணிக்கல்லில் மூலமே கையில் இருக்கிறது.

இந்தத் துறையில் பெருந்தொல்லை போலிக் கையெழுத்து. பழங்காலக் கலைஞர் கையெழுத்திட்ட கற்களைப் பற்றி ஃபிலிப் ஃபோன் ஷ்டோஷ் 1724இல் நூல் வெளியிட்டதும் அவற்றுக்கு விலை ஏறியது. உடனே பட்டறைகள் உண்மையான பழங்கற்களிலும் பொய்ப் பெயரைப் பொறிக்கத் தொடங்கின. கல் பழையது, எழுத்து புதியது. கல்லை நேராகப் பார்த்தால் இது பிடிபடாது. பிளாஸ்டரில் அச்செடுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள்: எழுத்தின் வெட்டுக்குள் உள்ள மெருகு உருவத்தின் வெட்டுக்குள் உள்ள மெருகோடு ஒத்திருக்கிறதா? எழுத்துக்கு முதலிலேயே இடம் விடப்பட்டதா, அல்லது மிச்ச இடத்தில் திணிக்கப்பட்டதா? எழுத்து வடிவம் உருவத்தின் காலத்தோடு பொருந்துகிறதா? ஃபுர்ட்வெங்லர் 1888–89இல் எழுதிய கட்டுரைகளில் கையெழுத்துக் கற்களை இப்படி ஒவ்வொன்றாகச் சலித்தார்.

ஏஜினா தீவின் கோயில் யாருடையது என்று எப்படித் தெரிந்தது?

ஏதென்ஸுக்கு எதிரே உள்ள ஏஜினாவில் மலைமேல் நிற்கும் கோயிலின் முகப்புச் சிற்பங்களைக் காக்கரெல், ஹாலர் ஃபோன் ஹாலர்ஷ்டைன் குழுவினர் 1811இல் எடுத்தார்கள். பவேரிய இளவரசர் லூட்விக் அவற்றை ஏலத்தில் வாங்கினார்; ரோமில் சிற்பி தோர்வால்ட்சன் அவற்றை முழுமையாக்கினார்; பிறகு மியூனிக்கில் வைத்தார்கள். கோயில் ஜீயஸுடையது என்றார்கள், பிறகு அத்தீனாவுடையது என்றார்கள்.

ஃபுர்ட்வெங்லர் கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் ஃபீஹ்டரோடும் ஹெர்மான் டீர்ஷோடும் 1901இல் அங்கே தோண்டத் தொடங்கினார். கிடைத்த பழைய கல்வெட்டு, கிளெயோய்டாஸ் பூசாரியாக இருந்தபோது அஃபாயாவுக்கு ‘வீடு’ கட்டியதையும் பலிபீடம் அமைத்ததையும் யானைத்தந்த வேலைப்பாட்டையும் சொல்கிறது. பௌசானியாஸ் குறிப்பிடும் உள்ளூர்ப் பெண்தெய்வம் அஃபாயா. பெயர்ச் சண்டை அன்றோடு முடிந்தது.

இன்னும் கடினமான வேலை சிற்பங்களை வரிசைப்படுத்துவது. தோர்வால்ட்சன் பட்டறையில் உடைந்த பரப்புகளைச் சீவிச் சமப்படுத்தி ஒட்டியிருந்தார்கள். உடைப்பின் சாட்சியே அழிந்திருந்தது. ஆகவே முகப்பின் தரைக்கற்களில் சிலைகளின் அடி பதிந்த குழிகள், ஒவ்வொரு சிலையிலும் மழையும் வெயிலும் தின்ற பக்கம், புதிதாகக் கிடைத்த துண்டுகள் விழுந்துகிடந்த இடம் ஆகிய மூன்றையும் வைத்து, நடுவில் அத்தீனாவும் இருபுறமும் சண்டைக் குழுக்களுமாக அடுக்கினார். சிற்பங்களில் வண்ணம் பூசப்பட்டிருந்ததையும் வலியுறுத்தி, வண்ண மீட்டுருவாக்கம் வெளியிட்டார். முழு அறிக்கை 1906இல் வந்தது. 1960களில் டீட்டர் ஓலி தோர்வால்ட்சன் ஒட்டுகளைக் கழற்றி வரிசையையும் திருத்தினார். இன்று மியூனிக்கில் காண்பது ஓலியின் வரிசை.

பெரிய தவறு ஏதும் செய்தாரா?

செய்தார். ருமேனியாவின் அடாம்கிலிஸி வெற்றிச் சின்னத்தில் டிராஜன் பேரரசரின் கல்வெட்டு இருக்கிறது, ஆண்டு கி.பி. 109. ஃபுர்ட்வெங்லரோ சிற்பங்களின் முரட்டுப் பாணியைப் பார்த்து, இது கி.மு. 29–28இல் ரோமானியத் தளபதி க்ராஸஸ் நடத்திய போரின் நினைவு, டிராஜன் புதுப்பித்தது மட்டுமே என்று ஓட்டோ பென்டார்ஃபை எதிர்த்து விடாமல் வாதாடினார். ஃப்ரான்ஸ் ஷ்டுட்னிச்கா 1904இல் டிராஜன் காலமே சரி என்று மறுத்தார். ஆய்வுலகம் அதன் பக்கமே நின்றது. எல்லைப்புறப் படைவீரர் பட்டறையின் வேலை எந்த நூற்றாண்டிலும் முரடாகவே இருக்கும் என்பது அவர் கணக்கில் வரவில்லை. ஒப்பிடப் பொருள் குறைவாக இருந்த இடத்தில் அவர் கண்ணும் வழுக்கியது.

ஒலிம்பியாவின் தொன்மை பற்றிக் கட்டடக் கலைஞர் வில்ஹெல்ம் டோர்ப்ஃபெல்டோடு நடந்த சண்டை வேறு வகை. ஹேரா கோயில் மிகப் பழையது என்றார் டோர்ப்ஃபெல்ட். கோயில் தரைக்குக் கீழே கிடந்த வெண்கலங்களைச் சாட்சிவைத்து அவ்வளவு பழையதல்ல என்றார் ஃபுர்ட்வெங்லர். கோயிலைப் பொறுத்தவரை அவரே சரி.

ஆசிரியராக எப்படிப்பட்டவர்? மாணவர்கள் யார்?

அருங்காட்சியகத்தில், பொருளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்துவது அவர் வழி. லூட்விக் கூர்ட்டியுஸ் பின்னாளில் ரோமில் ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தின் இயக்குநரானார். கியோர்க் லிப்போல்ட் படி ஒப்பாய்வை மேலும் கறாராக்கி 1923இல் தனி நூலே எழுதினார். யோஹன்னஸ் ஸீவெகிங் கூர்ட்டியுஸோடு சேர்ந்து ஆசிரியரின் சிதறிய கட்டுரைகளை 1912–13இல் இரண்டு தொகுதிகளாக்கினார்.

பானை ஓவியங்களுக்காக ஓவியர் கார்ல் ரைஹ்ஹோல்டோடு 1904இல் தொடங்கிய பெரும் படத்தொகுப்பையும் இங்கே சொல்லவேண்டும். வளைந்த பரப்பில் உள்ள ஓவியத்தை அசல் அளவிலேயே தட்டையாக்கி வரைந்தார் ரைஹ்ஹோல்ட். புடைகோடு எது, நீர்த்த கோடு எது, அடியில் கீறிய முன்வரைவு எது என்பதும் படத்தில் தெரியும். ஃபுர்ட்வெங்லர் இறந்த பின் ஃப்ரீட்ரிஹ் ஹவுஸரும், கடைசியில் எர்ன்ஸ்ட் புஷோரும் தொடர்ந்து 1932இல் முடித்தார்கள்.

எப்படி இறந்தார்?

1907 இலையுதிர் காலத்தில் ஏஜினாவில் வேலையிலிருந்தபோது சீதபேதி கண்டு, ஏதென்ஸ் கொண்டுவரப்பட்டு இறந்தார். வயது 54. ஏதென்ஸின் முதலாம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ஏஜினாவில் அவர் தோண்டியெடுத்த ஸ்ஃபிங்ஸ் சிலையின் படி கல்லறைமேல் இருக்கிறது. மியூனிக் இருக்கைக்குப் பவுல் வோல்ட்டர்ஸ் வந்தார்.

இன்று எதைப் படிக்கலாம், எங்கே பார்க்கலாம்?

அவர் நூல்களின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தின் மின்னணுத் தொகுப்பில் பலவற்றை இலவசமாகப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். ஜெர்மன் தெரியாதவர்கள் செல்லர்ஸின் 1895 ஆங்கிலப் பதிப்பில் தொடங்கலாம். அதில் லெம்னிய அத்தீனா பகுதியை முதலில் படியுங்கள். முடிந்ததும் 1983, 1987 ஆண்டுகளின் இரண்டு மறுவாதக் கட்டுரைகளையும் சேர்த்துப் படித்தால் முறையின் பலமும் ஓட்டையும் ஒருங்கே விளங்கும். கிரெசிலாஸ் பகுதியை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜினாச் சிற்பங்கள் மியூனிக் கிளிப்டோதெக்கில். அதே நகரின் வார்ப்பு அருங்காட்சியகம் 1944 குண்டுவீச்சில் அழிந்து, பிறகு புதிதாகச் சேர்க்கப்பட்டது. கத்தரீனா ஃபோன் போரா தெருவில், கிளிப்டோதெக்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. ட்ரெஸ்டன் உடல்களையும் போலோனியாத் தலையையும் பார்க்க இரண்டு நாடுகளுக்குப் போகவேண்டும். போலோனியாவில் நகரத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் கேளுங்கள். பெர்லினில் பானைகளைப் பார்க்கும்போது விவர அட்டையில் எஃப் எண்ணைக் குறித்துக்கொண்டு, 1885 பட்டியலின் அதே எண்ணைத் திறந்து, அவர் விவரித்த வரிசையிலேயே பொருளைப் பாருங்கள்: களிமண், வடிவம், உடைப்பு, ஒட்டு, பிறகுதான் ஓவியம்.